பணிப்பட்டையின் வலது ஓரம்

தாவூது சார் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிரகதா வந்து, உட்கார்ந்து, அவர் மனைவி ரமீஜாக்கா போட்ட நெய்ச்சோற்றையும் தாளிச்சாவையும் வேண்டாம் வேண்டாமென்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி பிடித்து, கைகழுவி, மறுபடியும் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாயிற்று. அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே நுழைந்ததும் "சார், நான் பிரகதா வந்திருக்கேன்" என்று சொன்னபோது "அப்புறம்" என்றார். திரையைப் பார்த்துச் சொன்னார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது என்று ரமீஜாக்கா போனிலேயே சொல்லியிருந்தாள். பசிக்கும் அப்புறம், தாகத்துக்கும் அப்புறம், டாக்டர் கையைத் தூக்கச் சொன்னாலும் அப்புறம். அது தெரிந்தேதான் வந்தாள். ஆனால் பார்க்கக்கூடவா மாட்டார்? கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து, திருச்சி ஜங்ஷனில் இறங்கி, பீமநகருக்கு ஆட்டோ பேசி வந்தவளுக்கு ஒரு பார்வைகூடவா கிடையாது. கிளம்புகிற அவசரத்தில் கீசரை அணைத்தோமா இல்லையா என்பது ஈரோடு வந்தபோது ஞாபகத்தில் இடறியது. இப்போது மறுபடியும் இடறுகிறது. சிவப்பு விளக்கு எரிந்த மாதிரியும் இருக்கிறது, எரியாத மாதிரியும் இருக்கிறது. நேற்றைய கீசரா இன்றைய கீசரா? வீட்டுக்காரரைக் கேட்கலாமென்றால் அவர் ஆபீஸ் போயிருப்பார். விடு. சாரைப் பார். எவ்வளவு மெலிந்துவிட்டார். தாடி முழுக்க வெளுத்திருக்கிறது. வலது கை மடியில், வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடக்கிறது. மூலையில் சுவரை ஒட்டிப் போட்ட மேசை. அதன் இடது பக்கம் சுவர், வலது பக்கம்தான் ஆள் உட்கார இடம். அங்கே அவள், ஒரு முழத் தூரத்தில், கையை நீட்டினால் அவர் சட்டைக் கையைத் தொட்டுவிடலாம். அந்தப் பழைய பெட்டி உர்ரென்று இரைந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதில் ஓடிக்கொண்டிருந்தது அவர்கள் செய்த முற்றம்தான்.

முற்றம் என்று பெயர் வைத்ததும் அவர்தான். தென்னூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறை. மூன்று பழைய கம்ப்யூட்டர், ஒரு மண்பானை, கூட்டாளி எட்வின் எங்கிருந்தோ தூக்கிவந்த ஒரு சோபா. தமிழிலேயே திறந்து தமிழிலேயே மூடுகிற ஒரு கம்ப்யூட்டர் முகப்பைச் செய்துவிட வேண்டும் என்று எட்வினுக்கு வெறி, பிரகதாவுக்கு வேலை தெரியும், தாவூது சாருக்குச் சொல் தெரியும். அவர் கல்லூரியில் தமிழ் வாத்தியார். வகுப்பு முடிந்ததும் ஸ்கூட்டரை மில் வாசலில் நிறுத்திவிட்டு, மாவுத் தூசிக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வருவார். கீழே மெஷின் ஓடினால் மேலே மானிட்டர் நடுங்கும். கோதுமை அரைக்கிற நாள் பரவாயில்லை, மிளகாய் அரைக்கிற நாளில் மூன்று பேரும் தும்மித் தும்மி, கண்ணில் நீர் வழிய, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலை செய்வார்கள். அவள் நிரலில் ஏதோ தப்பு விட்டு மொத்தமும் உறைந்துபோனால் "இன்னைக்கு மிளகாயா மல்லியா" என்று கேட்பார். அந்த வாசனை, வறுத்த மல்லியும் சூடான இரும்பும் சேர்ந்த அந்த வாசனை, இப்போதும் எங்காவது மில் வாசலைக் கடக்கும்போது வந்தால் அவள் விரல்கள் தானாக ஒரு விசைப்பலகையைத் தேடும். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ். வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்ன நாள்களில்கூட எதையாவது சொல்லிவிட்டு ஓடிவந்துவிடுவாள். எதற்காக அப்படி ஓடிவந்தோம்? சம்பளம் என்று பேர் சொல்ல ஒன்றும் கிடையாது. மில்லுக்கு மேலே ஒரு மேசை தனக்காக இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீஸ், கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு ஏறி இறங்கிய லிஃப்ட்டுகள். எதிலும் தும்மிக்கொண்டே சிரித்த ஞாபகம் இல்லை.

சொல்லுக்குச் சண்டை போடுவார்கள். சண்டையென்றால் நிஜச் சண்டை. "ஜன்னல்னே வெச்சுடலாம் சார், யாருக்கும் புரியும்" என்பாள் அவள். "ஜன்னல் போர்ச்சுகீசியன் கப்பல்ல இறக்கிட்டுப் போனதும்மா" என்பார். "அப்ப உங்க கணக்குல என்ன?" "காலதர். கால்னா காத்து. அதர்னா வழி. காத்து வர்ற வழி. எவ்வளவு அழகா இருக்கு." "காலதரைத் திற, காலதரை மூடுன்னு போட்டா ஜனங்க கதவைச் சாத்திட்டு ஓடிருவாங்க சார்." கடைசியில் சாளரம் என்று சமாதானமானார்கள். அந்தச் சமாதானத்துக்கு இரண்டு பாய்க்கடை டீயும் ஒரு டம்ளர் பருத்திப்பாலும் ஆயின. திரைக்குக் கீழே ஓடுகிற அந்த நீளப் பட்டைக்குப் பணிப்பட்டை என்று அவர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னம்மா?" "எங்க ஊர்ல பட்டைன்னா நெத்தியில போடறது சார். நாம கம்ப்யூட்டருக்குக் கால்ல போடறோம்." அவர் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார், பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "மரத்துக்கும் பட்டை அடியிலேர்ந்துதான் ஆரம்பிக்குது, இருக்கட்டும்." பெயர் வைக்காமல் திறந்த கோப்புக்குப் பெயரிலி என்று வைத்ததும் அவர்தான். அந்தச் சொல்லை அவள் ஒரு எதிர்ப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டாள். பெயரிலி 1, பெயரிலி 2. அதைத் திரையில் முதல்முதலாகப் பார்த்தபோது யாரோ அநாதைப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்த மாதிரி இருந்தது.

பட்டையை எழுதியது அவள். முழுக்க முழுக்க அவள். அதைப் பற்றித்தான் அவர் அதிகம் கேட்பார். "ஏம்மா பிரகதா, இதுக்கு எப்படித் தெரியுது, மேலே எத்தனை சாளரம் திறந்திருக்குன்னு? எட்டிப் பார்க்குமா?" "பார்க்காது சார். அதுக்குக் கண்ணே கிடையாது." "அப்புறம்?" "ஒவ்வொரு சாளரமும் திறக்கறப்ப நடுவுல ஒரு மேலாளர்கிட்ட சொல்லிட்டுத்தான் திறக்கும். நான் இன்னார், என் தலைப்பு இதுன்னு. மேலாளர் பேர் எழுதிப்பாரு. பட்டை அவர் வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். புதுசா ஒருத்தர் வந்தாச்சுன்னா ஒரு பொத்தான் போடும், கிளம்பியாச்சுன்னா எடுத்துடும்." "அப்புறம்?" "சாளரத்தைச் சுருக்கி வெச்சா மேலே மறைஞ்சுடும், ஆனா மூடலை. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். பட்டை மட்டும்தான் அது இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்." "அப்புறம்?" "சில சின்னச் சாளரம் இருக்கு சார், அது பொறக்கறப்பவே என்னைப் பட்டையில காட்டாதேன்னு சொல்லிடும்." "அப்படிக்கூட உண்டா!" அவர் முகம் அப்போது எப்படி மலர்ந்தது. "சொல்லாம கொள்ளாம செத்துப்போனா?" என்று ஒருநாள் கேட்டார். அதுதான் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்த தப்பு. நிரல் ஏதாவது பாதியில் மடிந்துபோனால் மேலாளருக்குச் செய்தி போகாது, பட்டையில் பொத்தான் நின்றுகொண்டே இருக்கும். அழுத்தினால் ஒன்றும் வராது. ஆள் இல்லாத வீட்டுக்குப் பெயர்ப்பலகை. அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் முட்டிமோதினாள். கடைசியில் பட்டையே அவ்வப்போது ஒவ்வொரு சாளரத்தையும் "இருக்கியா" என்று கேட்டுவிட வேண்டும், பதில் வராவிட்டால் பொத்தானை எடுத்துவிட வேண்டும் என்று எழுதினாள். அதை விளக்கியபோது அவர் அப்புறம் என்று கேட்கவில்லை. "அப்பப்பக் கேட்டுக்கறது நல்லதுதாம்மா" என்றார்.

கேட்டுக்கொள்ளவில்லையே, என்று இப்போது நினைத்தாள். பெருநாளுக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. எட்வின் கனடா போனான், மில்காரர் இடத்தைக் கேட்டார், அவளுக்குக் கல்யாணம் ஆனது. யாரும் யாரையும் கோபித்துக்கொண்டு போகவில்லை. யாரும் எதையும் மூடவில்லை. சுருக்கி வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள், ஒரு டீ குடித்துவிட்டு வருவதுபோல. இதோ தலை நரைத்தாயிற்று. ரமீஜாக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பேசுனாங்களாம்மா?" "இல்லக்கா." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்காலில் சாய்ந்து நின்றாள். "காலையில உட்கார்ந்தா இப்படித்தான். ஒண்ணைத் திறக்கறாங்க. தட்டறாங்க. அது போயிடுது. மறுபடியும் திறக்கறாங்க. நாப்பது தடவை, அம்பது தடவை. கரண்டை நிப்பாட்டுனா கத்தறாங்க, குழந்தை மாதிரி கத்தறாங்க. என் மவன் பார்த்துட்டு, அத்தாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சும்மா, திங்கக்கிழமை வந்து ரெண்டு பேரையும் மெட்ராஸ் கூட்டிட்டுப் போயிடறேன், இந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுங்கறான். அவனைக் குத்தம் சொல்லல. தனியா நான் எப்படிச் சமாளிப்பேன்னு அவனுக்குப் பயம். ஆனா இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவங்க இருக்காங்க. அதையும் பிடுங்கிட்டா?" முந்தானை நுனியைக் கையில் சுருட்டினாள். "நீதானேம்மா செஞ்சே இதை. அதான் உன்னைக் கூப்பிட்டேன். புத்தி போயிடுச்சா, இல்ல பெட்டி கெட்டுப்போச்சா, அதை மட்டும் பார்த்துச் சொல்லிடு." சொல்லிவிட்டு உள்ளே போனாள். பால் பொங்குகிற வாசனை வந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். புத்தியா, பெட்டியா. கம்பெனியில் தினமும் கேட்கிற கேள்விதான், தப்பு யார் பக்கம் என்று. ஆனால் அங்கே யார் பக்கம் இருந்தாலும் ஒரு மனிதர் காணாமல் போகமாட்டார்.

புத்தி போனால் எப்படிப் போகும்? ஒவ்வொரு பொத்தானாக எடுபடுமா, இல்லை பட்டையே போய்விடுமா? தனக்கே இப்போதெல்லாம் பெயர்கள் நிற்பதில்லை. எதிர்வீட்டுக்காரியின் பெயரை நேற்று வாசலில் நின்று தேடினாள். முகம் வந்தது, அவள் போட்டிருந்த மூக்குத்தி வந்தது, பெயர் வரவில்லை. கீசர் சிவப்பு விளக்கு. எரிந்ததா? உள்ளுக்குள் எத்தனை திறந்து கிடக்கிறது, அம்மாவின் முட்டிவலி, பையனின் காலேஜ், வேலையில் முடிக்காமல் விட்டது, யாரிடமோ சொல்ல நினைத்த ஒரு சொல், எல்லாம் கீழே சுருங்கிச் சுருங்கி, தலைப்பின் முதல் இரண்டெழுத்து மட்டும் தெரிகிற பொத்தான்களாய். அவருடைய பட்டையில் தான் எந்தப் பொத்தான்? எடுபட்டுவிட்டோமா? "சார்" என்றாள் மெதுவாக. அவர் தலை அசையவில்லை. தெருவில் மீன்காரர் சைக்கிளில் போனார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது, அப்போது மட்டும் அவர் இடது கை மவுசை விட்டு ஒருகணம் நின்றது. பாங்கு தெரிகிறது. தான் தெரியவில்லை. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, நாற்பத்தெட்டு வயதில், என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எழுந்து போய்விடலாமா? பெட்டி நன்றாகத்தான் இருக்கிறதென்று சொல்லிவிட்டால் அதற்கு அர்த்தம் என்ன என்று ரமீஜாக்காவுக்குத் தெரிந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது.

சரி, வேலையைப் பார், என்று பழைய பழக்கம் சொன்னது. ஆளைப் பார்க்காதே, திரையைப் பார். அவர் மவுசை இடது கையால் நகர்த்தினார். எழுதுகிற நிரலைத் திறந்தார். வெள்ளைச் சாளரம் வந்தது. ஒற்றை விரலால் இரண்டு எழுத்தைத் தட்டினார். களைத்துப்போய், சாளரத்தின் இடது மூலையிலிருந்த சுருக்குப் பொத்தானை அழுத்தினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பழக்கம்! மேசை காலியாக இருந்தால்தான் யோசனை வரும் என்று அந்தக் காலத்திலேயே நிமிஷத்துக்கொரு தரம் எல்லாவற்றையும் சுருக்கிவைப்பார். சாளரம் கீழே இறங்கி மறைந்தது. கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு அவர் அதைத் தேடினார். அம்பு பட்டையின் இடது கோடியிலிருந்து புறப்பட்டது. ஊர்ந்து ஊர்ந்து போனது. பெயரிலி, பெயரிலி, பெயரிலி. பட்டை நிறையப் பெயரிலிகள். திரையின் நடு வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. கடைசி ஸ்டாப்பில் பஸ் திரும்புகிற மாதிரி திரும்பிவிட்டது. அவர் நெற்றி சுருங்கியது. "அப்புறம்" என்றார் தனக்குள். மறுபடியும் புதிதாக ஒன்றைத் திறந்தார். மறுபடியும் இரண்டு எழுத்து, மறுபடியும் சுருக்கு, மறுபடியும் நடுவில் நின்று திரும்புகிற அம்பு. என் பட்டைதான் கெட்டுவிட்டதா? பாதிக்கு அப்பால் செத்துவிட்டதா? அவள் நாற்காலியை விட்டு எழுந்து, "ஒரு நிமிஷம் சார்" என்று மவுசை மெல்ல வாங்கினாள். கொடுத்தார், யார் வாங்குகிறார்கள் என்று பார்க்காமல். வலது கோடிப் பொத்தானை அழுத்தினாள். சாளரம் துள்ளிக்கொண்டு வந்தது. அடுத்தது. அதுவும் வந்தது. ஒன்றுவிடாமல் வந்தன. பட்டை அவள் எழுதியபடியே, புதிதாய்த் திறந்ததை வலது கோடியில் சேர்த்துக்கொண்டு, ஒன்றையும் தொலைக்காமல் வைத்திருந்தது. பெட்டியில் கோளாறு இல்லை. அப்படியானால். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

வந்த சாளரங்களைப் பார்த்தாள். அ. ஆ உ. இ இ ஏ. ஊ ஆ. எதிலும் ஒரு கவோ பவோ இல்லை. சொல் சொல்லாகக் கொட்டிய மனிதர், காலதர் என்று வாதாடிய மனிதர், பிறந்த குழந்தை மாதிரி வெறும் உயிரெழுத்துகளை எழுதி எழுதி வைத்திருக்கிறார். கண் கரித்தது. மிளகாய் அரைக்கவில்லையே இன்றைக்கு என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது. ஏன் உயிர் மட்டும்? ஏன் ஒரு மெய்கூட இல்லை? விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள், அவர் பழக்கத்துக்காக எழுத்துகளை ஒட்டிவைத்த அதே பழைய விசைப்பலகை. உயிரெல்லாம் இடது பக்கம். மெய்யெல்லாம் வலது பக்கம். அவள் கை அப்படியே நின்றது. அம்பு நடுவில் நின்று திரும்பியது. விரல் நடுவைத் தாண்டவில்லை. மத்தியானம் அவர் சோற்றுத் தட்டில், கோடு கிழித்தாற்போல் இடது பாதி வழித்துத் துடைத்திருந்தது, வலது பாதியில் சோறும் கறியும் தொடாமல் இருந்தன, "இப்பல்லாம் பாதிதாம்மா சாப்பிடறாங்க" என்று ரமீஜாக்கா தட்டை எடுத்துப்போனாள். பாதி சாப்பிடவில்லை. பாதிதான் தெரிந்தது. அவருக்கு வலது பக்கம் என்று ஒன்று இல்லை. இருட்டாகக்கூட இல்லை, வெறுமனே இல்லை, நமக்கு முதுகுக்குப் பின்னால் இல்லாத மாதிரி. எழுதியதெல்லாம் அந்த இல்லாத இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் பைத்தியக்காரனைப்போல ஒன்றையே செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் தொலைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். எத்தனை பொறுமை. புத்தி போனவனுக்கு ஏது அத்தனை பொறுமை? அவள் தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். மேசைக்கு வலது பக்கம், ஒரு முழத் தூரத்தில், காலி நாற்காலி. வந்ததிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

பட்டையின் விளிம்பில் அம்பை வைத்து, அழுத்திப் பிடித்து, திரையின் இடது ஓரத்துக்கு இழுத்தாள். பட்டையை எந்த ஓரத்துக்கும் நகர்த்தலாம் என்று அவள் எழுதியபோது எட்வின் திட்டினான், யாருக்கு வேணும் இது, நேரத்தை வீணாக்காதே என்று. யாருக்கென்று அவளுக்கும் தெரியாது. முடியும் என்பதால் எழுதினாள். பட்டை கீழிருந்து பெயர்ந்து இடது ஓரத்தில் செங்குத்தாக நின்றது. பெயரிலிகள் எல்லாம் மேலிருந்து கீழாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, அவர் பார்வை இருக்கிற பக்கத்தில். தாவூது சார் முன்னால் குனிந்தார். வாய் லேசாகத் திறந்தது. கீழ்க்கோடிப் பொத்தானை அழுத்தினார். அ வந்தது. அடுத்ததை அழுத்தினார். ஆ உ. அடுத்தது. அடுத்தது. தொலைந்துபோனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் தோள்கள் குலுங்கின, அழுகிறாரென்று பதறிப்போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். அவள் விசைப்பலகையை ஒரு சாண் இடது பக்கம் தள்ளினாள். அவர் விரல் அதன்மேல் அலைந்தது, தடுக்கியது, நின்றது. க. ப. ம. த. ர. மொட்டைமாடியில் இறக்கிவிட்ட பிள்ளை மாதிரி ஒரு வரிசை முழுக்க ஓடினார். சொல் ஒன்றும் ஆகவில்லை. எழுத்துகள் வெறும் கூட்டமாக நின்றன. அதற்குள் பிரகதா மேசையின் காலைப் பிடித்து இழுத்தாள், சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஆள் நுழைய வழி வந்தது, ஒடுங்கிக்கொண்டு நுழைந்தாள், அவருடைய இடது பக்கத்தில் போய் நின்றாள். அவர் கண் திரையை விட்டு மேலேறியது. புடவையில் பட்டது. முகத்துக்கு வந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். "அப்புறம்?" என்றார். எப்ப வந்தே, ஏன் அங்கயே நிக்கறே, இத்தனை வருஷம் எங்க போயிருந்தே, சாப்பிட்டியா, எல்லாம் அதில் இருந்தது. "இப்பதான் சார் வந்தேன்" என்றாள். இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாக இருந்தது.

டீயோடு வந்த ரமீஜாக்கா இழுத்துப்போட்ட மேசையையும், ஓரத்துக்குப் போன பட்டையையும், கைபிடித்துக்கொண்டிருக்கிற இரண்டு பேரையும் பார்த்து, "என்னம்மா, எல்லாம் இடம் மாறிக் கிடக்கு?" என்றாள். "புத்தி நல்லா இருக்குக்கா. பெட்டியும் நல்லா இருக்கு. சாருக்கு வலது பக்கம் தெரியலை, அவ்வளவுதான்" என்றாள் பிரகதா. ரமீஜாக்கா டம்ளர்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். "அந்தப் பக்கம் பார்வை கம்மின்னு டாக்டர் சொன்னாங்க. கண்ணாடி மாத்துனாச் சரியாப் போகும்னு நெனச்சு மாத்தியும் கொடுத்தோமே." "கம்மி இல்லக்கா. அந்தப் பக்கமே இல்லை அவருக்கு. நான் அங்கே உட்கார்ந்திருந்தப்ப நான் இல்லை. தட்டுல அந்தப் பாதி இல்லை. இந்தப் பக்கம் வந்து நின்னேன், உடனே பார்த்துட்டாரு." ரமீஜாக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்த சந்தோஷம் பாதியில் நின்றது, வேறு ஏதோ ஒன்று அதன்மேல் ஏறிற்று. டம்ளர்களைத் தரையிலேயே வைத்தாள். "கட்டில் சுவத்தோரமா கிடக்கும்மா" என்றாள் மெதுவாக. "இவங்க விழுந்துடக் கூடாதுன்னு சுவத்துப் பக்கம் படுக்க வெச்சு, இந்தாண்ட நான் படுத்துப்பேன். விடிவிளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கிடப்பாங்க. ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க. சுவத்தைக் கையால தடவித் தடவிப் பார்ப்பாங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத் தாமதம் பண்ணிட்டேன்னு என்மேல கோவம், அதான் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்கன்னு, இத்தனை மாசமும்..." கட்டில் கிடக்கிற அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எந்தப் பக்கம்மா நான் படுத்திருக்கேன்?" என்று கேட்டாள், தனக்கே தெரிந்ததை. சாயங்கால ரயிலுக்கு இப்போதே கிளம்பினால்தான் உண்டு. "வாங்கக்கா" என்று உள்ளே போனாள்.

தேக்குக் கட்டில், கல்யாணச் சீராக வந்தது, ஒரு இஞ்ச்கூட நகராது என்றாள் ரமீஜாக்கா. இரண்டு பேரும் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். முதலில் அசையவில்லை. பிறகு கறகறவென்று தரையைக் கீறிக்கொண்டு கிளம்பியது. நடு அறையில் மூச்சு வாங்கி நின்றார்கள். மறுபடியும் தள்ளினார்கள். எதிர்ச்சுவரில் போய் இடித்து நின்றபோது காரை கொஞ்சம் உதிர்ந்தது. ஜன்னல் வெளிச்சம் இனிமேல் முகத்தில் அடிக்கும், ஒரு திரைச்சீலை போட வேண்டும் என்று பிரகதா நினைத்தாள், நினைத்துக்கொண்டிருக்கும்போதே தாவூது சார் ஊன்றுகோலோடு காலை இழுத்து இழுத்து வந்து வாசற்படியில் நின்றார். ரமீஜாக்கா அவரைப் பார்க்கவில்லை. மெத்தையின் சுருக்கத்தை நீவினாள். அவர் தலையணையைச் சுவரோரம் வைத்துத் தட்டினாள். தன் தலையணையை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு அதை இந்தப் பக்கம், அவருக்கு இடது பக்கம், இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். கட்டில் இருந்த இடத்தில் தரை நீள்சதுரமாக வெளுத்துக் கிடந்தது, ஓரமெல்லாம் தூசி. "விளக்குமாறு எங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள் பிரகதா.